கடைசி இரண்டு புள்ளிகள்

தாட்சாயிணி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வருஷம் அவள் மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். இப்போது மகள் அம்மாவைவிட ஒரு சாண் உயரம், பட்டம் மட்டும் வரவில்லை. வேலப்பன்சாவடிப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறை உதவிப் பேராசிரியை. வீடு திருநின்றவூரில் ஏரியைத் தாண்டி, பாதி மனைகளில் இன்னும் கருவேலம் முளைத்துக் கிடக்கும் ஒரு லேஅவுட்டில், வாடகைக்கு. காலையில் மின்சார ரயிலில் ஆவடி, அங்கிருந்து கல்லூரி பஸ். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஆய்வுக் கட்டுரை படிப்பாள். கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடித்தபடியே தூங்குவாள். பெரும்பாலும் தூக்கம்தான்.

கல்லூரியில் பாடம் நடத்துவது வேலையில் ஒரு பங்கு. தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் கோப்பு கட்ட வேண்டும். பிளஸ் டூ முடிந்ததும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வேண்டும். வகுப்புக்கு வராத பையனின் அப்பாவுக்குப் போன் போட்டு அவரிடம் திட்டு வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “மேடம், பிஎச்.டி. எப்ப முடியும்?” கேட்காத ஒரே ஆள் கேட் வாட்ச்மேன். அவர் அவளை ஏற்கெனவே டாக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. பல்கலைக்கழகம் இரண்டு முறை கெடுவை நீட்டிக் கொடுத்துவிட்டது, இனி நீட்டாது. மார்ச் கடைசிக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும். அதோடு ஒரு நல்ல ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்றைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. இத்தனை வருஷமும் போச்சு. ஆனால் கட்டுரையை ஓர் இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சுக்கு முந்திய புரூஃபும் வந்துவிட்டது. பார்த்துவிட்டு ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினால் சில நாளில் இணையத்தில் ஏறிவிடும்.

அவள் ஆராய்ந்த விஷயத்தை லேப் அசிஸ்டென்ட் ஜெகதீஷுக்கு ஒருதரம் விளக்கியிருக்கிறாள். ஜெகதீஷ் அம்பத்தூர்க்காரன். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் லேப், ஞாயிற்றுக்கிழமை மனை விற்பனை. அதனால் மனையை வைத்தே சொன்னாள்.

“ஒரு டவர்ல நாலு ஆன்டெனா, நாலும் ஒரே நேரத்துல வேற வேற சேதி அனுப்புது. ஆவடி பஸ் ஸ்டாண்டுல நாலு கண்டக்டர் ஒண்ணாக் கத்தற மாதிரி. வாங்கற பக்கமும் நாலு ஆன்டெனா. எல்லாத்துலயும் கலந்து கட்டித்தான் விழும். யாரு என்ன சொன்னாங்கன்னு பிரிக்கணும்.”

“அதத்தான் போன் பிரிக்குதே மேடம்.”

“எப்படிப் பிரிக்குதுங்கறதுதான் கேள்வி. நாலு பேர் சொன்னதும் சேர்ந்து ஒரு இடம்னு வெச்சுக்கோங்க. லேஅவுட்ல மனைக்கல் நட்டிருக்கும் இல்ல, ஒவ்வொரு கல்லும் ஒரு பதில். நமக்குக் கெடைக்கறது கல்லு மேலயே விழாது, இரைச்சல் தள்ளிவிட்டு எங்கயோ மண்ணுல விழும். பக்கத்துல எந்தக் கல்லுன்னு கண்டுபிடிக்கணும்.”

“எல்லாக் கல்லையும் அளந்து பாத்துட்டா?”

“சரியான பதில் வரும். ஆனா கல்லு ஆயிரக்கணக்குல இருக்கும், போன்ல இருக்கற சிப்புக்கு அவ்வளவு நேரம் கெடையாது. அதனால இந்த ரோட்டுல எத்தனாவது, அந்த ரோட்டுல எத்தனாவதுன்னு குத்துமதிப்பா எண்ணுவாங்க. ரெண்டு ரோடும் குறுக்குநெடுக்கா இருந்தா சரியா வரும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கமா சாஞ்சு ஓடினா?”

ஜெகதீஷ் யோசிக்கவே இல்லை. “வேற எவன் மனையிலயோ போய் நிப்போம். பட்டாபிராம்ல எனக்கே ஆச்சு.”

“அதான். லாட்டிஸ் ரிடக்‌ஷன் அப்படின்னு ஒரு முறை இருக்கு, அது கல்லை அசைக்காது. அதே கல்லுங்களுக்கு வேற ரெண்டு ரோடு புடிக்கும், குட்டையா, சதுரமா. அப்புறம் குத்துமதிப்பா எண்ணினாலே சரியான கல்லு வந்துடும்.”

“இன்னா மேடம், பேசாம எங்கூட சைட்டுக்கு வந்துடுங்க. பார்ட்டிகிட்ட நீங்க பேசுனா ஒரே நாள்ல புக்கிங் ஆவும்.”

அந்த நல்ல ரோட்டைப் பிடிப்பதில்தான் சிக்கல். ஒரு திசையிலிருந்து இன்னொன்றைக் கழித்து, மாற்றி, மறுபடி கழித்து, சுற்றுச் சுற்றாகப் போகும் கணக்கு அது. எத்தனை சுற்றில் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாட்சாயிணியின் ஆய்வு அங்கேதான் நுழைந்தது: சில சுற்றுகளோடு கறாராக நிறுத்திவிடலாம், வேலை பாதியாகும், பிழை அதிகமாகாது. ஆய்வேடு முழுக்க இந்த ஒரு வாக்கியம்தான். சிக்னல் வலுவாக இருக்கும்போதும் பிழை கூடவில்லை என்பதற்கு ஆதாரம், வரைபடத்தில் வலது ஓரத்தில் இருந்த கடைசி இரண்டு புள்ளிகள். அங்கே பிழை மிக அபூர்வம். ஒரு பிழையைப் பார்க்கவே கோடிக்கணக்கில் சோதனை ஓட்ட வேண்டும். அவளுடைய லேப்டாப்பில் அதைச் செய்து முடிப்பதற்குள் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

அதனால் கல்லூரி லேப். வெள்ளிக்கிழமை கடைசி பிராக்டிகல் முடிந்ததும் முப்பது கணினியிலும் ஒரே நிரலைத் தட்டிவிட்டு, ‘அணைக்காதீர்’ என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போவாள். திங்கள் காலையில் முப்பது முடிவுகளையும் இன்னொரு நிரல் கூட்டித் தரும். துறைத்தலைவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். இப்படிப் பல வாரங்கள் ஓட்டித்தான் அந்த வரைபடம் வந்தது.

புரூஃப் அனுப்பிய இதழ், கணக்கின் மூல முடிவுகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தது. ஜெகதீஷ் லேபைத் திறந்து, ஒவ்வொரு கணினியாகப் பென் டிரைவில் இழுத்துக் கொடுத்தான். கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கலாம் என்று தாட்சாயிணி முதல் ஒன்றைத் திறந்தாள். கடைசி வரியில் பிழைகளின் எண்ணிக்கை மூன்று. அடுத்ததைத் திறந்தாள். மூன்று. அடுத்தது. அதுவும் மூன்று. மேலே இருந்த வரிகளையும் ஒப்பிட்டாள். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

“ஜெகதீஷ், ஒரே கம்ப்யூட்டர்லருந்து முப்பது தடவ காப்பி பண்ணீங்களா?”

“இல்ல மேடம், ஒண்ணொண்ணா குந்திதானே எடுத்தேன், முதுகு வலிக்குது.” எட்டிப் பார்த்தான். “பசங்க ரெக்கார்டு நோட்டு மாறி கீது. எவனோ ஒருத்தன் எழுதுனத மீதிப் பேரு அப்டியே அட்ச்சிருக்கான்.”

அவள் சிரிக்கவில்லை. அடுத்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. அவள் பயன்படுத்திய மென்பொருளைப் புதிதாகத் திறக்கும்போதெல்லாம் அதன் ‘தற்செயல்’ எண்கள் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும். வேறு இடத்திலிருந்து தொடங்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். லேப்டாப்பில் தனியாக ஓட்டிய வருஷங்களில் அந்த வரி தேவைப்படவில்லை. பிழை திருத்தும்போது அதே எண்கள் மறுபடி வருவது உதவியாகக்கூட இருந்தது. ஒன்று முப்பதானபோது அந்த வரியைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. முப்பது கணினிகளும் ஒரே சிக்னலை, ஒரே இரைச்சலோடு, ஒரே வரிசையில் சோதித்திருக்கின்றன. கூட்டுகிற நிரல் அதைத் தொண்ணூறு பிழை என்று அழகாகக் கூட்டிக் கொடுத்திருக்கிறது. கையில் உண்மையில் இருந்தது மூன்று.

மதியம் மூன்றாம் ஆண்டுக்கு வகுப்பு இருந்தது. போய் எடுத்தாள். என்ன நடத்தினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புரூஃபுக்குச் சம்மதம் சொல்ல அடுத்த செவ்வாய் வரை நேரம். விட்டுப்போன வரியைச் சேர்த்து, கடைசி இரண்டு புள்ளிகளை மட்டும் வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. பராமரிப்பு என்று மாலையில் கல்லூரி இருக்கும் பூந்தமல்லிப் பக்கம் முழுக்க நிறுத்துவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதற்குள் முடிவுகளை எடுத்துவிட வேண்டும். கல்லூரி பஸ் கிடையாது. இரண்டு பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது ஜெகதீஷ் சாவியோடு வாசலில் நின்றான்.

“ரெண்டு பார்ட்டிய தம்பிகிட்ட தள்ளிட்டு வந்துகிறேன் மேடம். நல்ல நம்பரா வரட்டும்.”

“நல்ல நம்பர் வேணாம். வேற வேற நம்பர் வந்தாப் போதும்.”

வந்தது. இரண்டு, நான்கு, மூன்று, ஒன்று. பத்துப் பன்னிரண்டு கணினி வரை இப்படியே போனது. கூட்டிப் பார்த்தால் பழைய புள்ளிக்குப் பக்கத்திலேயே விழும் போலிருந்தது. ஆனால் ஜன்னலோரக் கணினியில் நூற்றுப்பத்து. கடைசி வரிசையில் ஒன்றில் அறுபத்தெட்டு. ஏசிக்குக் கீழே இருந்ததில் இருநூறுக்கும் மேல். அந்தக் கோப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். ரோடுகள் மிக மோசமாகச் சாய்ந்து கிடக்கும் நிலை அபூர்வமாக எப்போதோ ஒருதரம் வருகிறது. வரும்போது அவளுடைய சில சுற்றுகள் அதற்குப் போதவில்லை. கணக்கு, பாதி நிமிர்த்திய ரோட்டில் எண்ணிக்கொண்டு போய் அடுத்தவன் மனையில் நிற்கிறது, ஒரு சேதி முழுக்க நாசம். பழைய ஓட்டத்தில் அந்த நிலை ஒருதரம்கூட வரவில்லை. வராத அதே வரிசையை முப்பது முறை பார்த்துவிட்டு, அப்படி ஒன்று கிடையாது என்று கட்டுரை எழுதிவிட்டாள்.

வரைபடத்தைப் புதிதாகப் போட்டாள். நேராக இறங்கிவந்த பிழைக் கோடு கடைசி இரண்டு புள்ளியில் தளர்ந்து, படுத்துக்கொண்டது.

“கோணிக்கிச்சா?” என்றான் ஜெகதீஷ்.

“கோணிடுச்சு.”

அங்கிருந்தே ஐயப்பன்தாங்கலுக்குப் போனாள். அவளுடைய நெறியாளர் சுப்பராயன் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் இருந்தார். ஜூனில் ஓய்வு பெறுகிறவர், அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஆய்வு மாணவி இவள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேப்டாப் திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். கீழே டிப்போவில் ஒரு பஸ் பின்னால் வந்துகொண்டிருக்க, யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

“சிக்னல் இருபது டெசிபெல் வரைக்கும் சரியா இருக்கு இல்லம்மா?”

“இருக்கு சார்.”

“அப்ப படத்த இருபதோட நிறுத்திடு. புரூஃப்ல திருத்தம்னு ஒரு வரி எழுது. பாதிப் பேர் அதுவரைக்கும்தான் போடறான்.”

“நிறுத்தலாம் சார். ஆனா கட்டுரைச் சுருக்கத்துல ‘பிழை அதிகமாகாது’ன்னு எழுதியிருக்கோமே. அது அந்த ரெண்டு புள்ளியிலதானே இருக்கு.”

“அந்த வார்த்தைய எடுத்துடு.”

“அத எடுத்துட்டா கட்டுரையில என்ன சார் மிஞ்சும்? சீக்கிரம் நிறுத்தினா சீக்கிரம் முடியும்னு யாருக்குத்தான் தெரியாது?”

சுப்பராயன் கண்ணாடியை இறக்கினார். கோபம் வந்தால் அவர் குரல் குறையும், ஏறாது. “தாட்சாயிணி, நான் ஜூன்ல போயிடுவேன். உனக்கு மார்ச். இப்ப இதழுக்கு எழுதினா அவன் திருப்பி ரிவ்யூவுக்கு அனுப்புவான். ரிவ்யூவர் மூணு மாசம் தூங்குவான். நான் உன்ன பொய் சொல்லச் சொல்லல. கேக்காததச் சொல்லாதேன்னு சொல்றேன். அவ்வளவுதான்.”

அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். தாட்சாயிணி அதை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். சுப்பராயன் சொன்னதில் பிசகில்லை. இருபது வரை எல்லாம் உண்மை. அவரும் நல்ல மனுஷர். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தன் வீட்டு வேலை எதையும் அவளிடம் தள்ளியதில்லை, மற்ற நெறியாளர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

திரும்புகிற பஸ் பூந்தமல்லி ரோட்டு நெரிசலில் மாட்டி, மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்தது. நேர்மை, மனசாட்சி என்றெல்லாம் பெரிதாக எதுவும் அவள் மனதில் ஓடவில்லை. ஓடியது ஒரு கணக்கு. படத்தை வெட்டினால், வாய்மொழித் தேர்வில் யாராவது “அதுக்கு மேல ஓட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்பார்கள். கேட்கத்தான் கேட்பார்கள், அவளாக இருந்தாலும் கேட்பாள். இல்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கருத்தரங்கிலும், வகுப்பில் ஒரு துறுதுறுத்த பிள்ளை கேட்டாலும், அதே இல்லையை ஞாபகமாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. இதையும் சேர்த்துச் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

வீட்டில் அவள் கணவன் தமிழரசு சாதம் வடித்து, ரசமும் வைத்திருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். விஷயத்தையும், இதழுக்கு எழுதப்போவதையும் சொன்னாள்.

“அப்ப இந்த வருஷமும் இல்லியா?”

“இந்த வருஷம்னு இல்ல. பதிவே போயிடும்.”

தமிழரசு கரண்டியைக் கீழே வைத்தான். “நான் ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழமை எல்லாம் இந்தப் படிப்புக்கு உன்னக் குடுத்தோம். பாப்பா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நான்தான் போனேன், ஒவ்வொரு வருஷமும். இதெல்லாம் எதுக்குன்னு அவகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது.”

“சொல்றேன்.”

“சாப்பிடு மொதல்ல.”

அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்தது பத்து நாள் நீடித்தது. மகளிடம் அவள் சொன்னபோது, “அப்ப உன் ரூமை எனக்குத் தர்றியா?” என்று கேட்டாள். அது ரூம் இல்லை, பீரோவுக்குப் பின்னால் ஒரு மேஜை.

திங்கட்கிழமை இடைவேளையில், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இதழாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினாள். என்ன தவறு, எப்படி நேர்ந்தது, புதிய வரைபடம், பழைய முடிவைத் திரும்பப் பெறுகிறேன். எட்டு வரியில் முடிந்துவிட்டது. அனுப்பிவிட்டு இன்டர்னல் பேப்பர் கட்டைப் பிரித்தாள்.

பதில் மரியாதையாக வந்தது. நன்றி, கட்டுரை மறுபடி மதிப்பீட்டுக்குப் போகிறது, கால அளவு சொல்வதற்கில்லை. மார்ச் போனது. ஏப்ரலில் பல்கலைக்கழகத்திலிருந்து பதிவு ரத்தான கடிதம் வந்தது. வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம், நுழைவுத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியில், பட்டம் இருந்தால் அவளுக்கு வந்திருக்கும் இணைப் பேராசிரியர் இடம், அந்த வருஷம் சேர்ந்த, பட்டம் வைத்திருந்த ஓர் இளைஞருக்குப் போயிற்று. அவருக்கு லேப் எங்கே என்று தாட்சாயிணிதான் காட்டினாள்.

“நீங்க சொல்லாம வுட்ருந்தா எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்றான் ஜெகதீஷ், அவர் போனபின்.

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்பறம் இன்னாத்துக்கு?”

“எனக்குத் தெரியுதே ஜெகதீஷ்.”

“ரொம்பத் தெரிஞ்சிகினாலே ரோதனைதான் மேடம்,” என்று சொல்லிவிட்டு ஒரு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி, பிஸ்கட் தூளைக் கொட்டினான்.

கட்டுரை வேறு உருவத்தில் வந்துகொண்டிருந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் வளைந்த கோட்டைத்தான் சுவாரசியம் என்று எழுதியிருந்தார். ரோடு இன்னும் சாய்ந்திருந்தால் மட்டும் கூடுதலாகச் சில சுற்று போகட்டும் என்று அவள் மாற்றினாள். கோடு நிமிர்ந்தது, ஆனால் மிச்சமாகும் வேலை பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சின்ன விஷயம். உலகம் கவனிக்கிற அளவுக்கு இல்லை. அது அச்சாகும்போது அவள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு மாணவி அல்ல.

ஆகஸ்டில் நுழைவுத் தேர்வு. காலை ரயிலில் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டாள். தேர்வு மண்டப வராந்தாவில் இருபத்துநாலு, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக நின்று வினாத்தாள் பற்றி ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஸ்வாதி, போன வருஷம் இவளிடம் படித்து முடித்தவள்.

“மேடம், இங்க ஹால் டூட்டியா?”

“இல்ல ஸ்வாதி. எழுத வந்திருக்கேன்.”

ஸ்வாதி ஒரு நிமிஷம் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தாள். “ப்ராபபிலிட்டில ஒரு டவுட்டு கேக்கலாம்னு ஓடி வந்தேன் மேடம்.”

“கேளு. எனக்கும் ஞாபகப்படுத்தின மாதிரி ஆச்சு.”

சுவரோரம் நின்றபடியே சொல்லிக் கொடுத்தாள். மணி அடித்தது. எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து நுழைய, அவள் கடைசியாகப் போனாள். கண்காணிப்பாளர் இளைஞர், வியர்த்து வழிந்துகொண்டு, ஒற்றை ஆளாக அவ்வளவு பெரிய மண்டபத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். சேலையும் கைப்பையுமாக இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க மேடம், நல்லவேளை. இந்த வரிசைக்கு நீங்க குடுத்துடுங்க,” என்று விடைத்தாள் கட்டு ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு மறுகோடிக்கு ஓடினார்.

அவள் சொல்வதைக் கேட்க அவர் நிற்கவில்லை. தாட்சாயிணி கட்டைப் பிரித்தாள். பழகிய கை. ஒவ்வொரு மேஜையாகத் தாளை வைத்துக்கொண்டே போனாள். பையன்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள், உட்காரச் சொன்னாள். பதிவு எண்ணைக் கட்டத்துக்குள் எழுதாத ஒருவனுக்குச் சுட்டிக் காட்டினாள். வரிசையின் கடைசி மேஜை காலி. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது அவள் எண். கடைசித் தாளை அங்கே வைத்து, அதன் முன் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள்.

கண்காணிப்பாளர் வேகமாக வந்தார். “மேடம், அது கேண்டிடேட் இடம். ஸ்டாஃப் சேர் முன்னாடி இருக்கு.”

தாட்சாயிணி ஹால் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்து, புகைப்படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, பக்கத்து மேஜைக்கு நகர்ந்தார்.